மேல் லயத்தில் கிணறு இல்லை

விரிவுரையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். மாணவர்கள் ஏஐயிடம் எழுதி வாங்கிக் கொண்டுவந்து கொடுக்கும் ஒப்படையை எப்படிப் பிடிப்பது? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஓய்வு பெற்ற அன்றே உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். சந்தேகம் வந்த பிறகு என்ன செய்யலாம் என்பது பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அதிலும் எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. இன்றைக்குச் சரி என்று தோன்றுவது நாளைக் காலையில் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பிழை என்று தோன்றும். அப்படியே கேளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஏஐ வந்த புதிதில் பதுளையில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வாங்கினார்கள். அது முதலில் மாட்டிவிட்டது கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையை. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவள். கட்டுரையைத் தமிழில் யோசித்து, அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாக ஏற்றியிருந்தாள். பிழை வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் ஒவ்வொரு வசனமும் ஒரே நீளம், ஒரே அமைப்பு. மென்பொருளுக்கு அது இயந்திரம் எழுதியதாகப் பட்டது. விசாரணைக்கு வந்தவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, வேறொரு தலைப்பில் எங்கள் முன்னாலேயே எழுதச் சொன்னேன். அதே நடையில் எழுதினாள். குற்றச்சாட்டை அழித்தோம். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என் வகுப்பில் கை உயர்த்தியதே இல்லை. அழித்த குற்றச்சாட்டும் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த மென்பொருள் காட்டும் சிவப்பு எழுத்துக்களை நான் நம்பியதில்லை.

ஆகவே யோகராஜின் ஒப்படைக்கு மென்பொருள் பச்சை காட்டியபோதும் நான் நம்பவில்லை.

யோகராஜ் மூன்றாம் வருட மாணவன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று அவன் ஊர். அப்பா இல்லை, அம்மா கொழுந்து எடுக்கிறார், அக்கா சுகந்தி வேலைக்குப் போகிறார். எங்கள் துறையில் மூன்றாம் வருடத்தில் ஒரு கள ஆய்வு உண்டு. மாணவர்கள் ஒரு தோட்டத்துக்குப் போய், குடிதண்ணீர் பற்றி அங்குள்ள பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைத் தமிழில் அப்படியே பின்னிணைப்பாக வைத்து, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அந்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அந்த அறிக்கைகளைக் கேட்டிருந்தது. எந்தத் தோட்டத்துக்கு என்ன செய்வது என்று அவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவெடுப்பதாக இருந்தார்கள். யோகராஜ் தன் சொந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் மேட்டில் இருக்கும் மேல் லயத்தை எடுத்துக்கொண்டான்.

அறிக்கை அழகாக இருந்தது. பெண்கள் பேசியது அதைவிட அழகு. அங்கேதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எமது குடும்பம் எதிர்நோக்கும் பிரதான சவால் நீரின் தரமாகும்" என்று ஒரு பெண். அடுத்தவளும் ஏறக்குறைய அதே சுருதியில். யாரும் பேச்சின் நடுவே பிள்ளையை அதட்டவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடவில்லை. ஒருத்தி, கிணற்றில் கயிறு போட்டு இறைத்துக் கை காய்த்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். எங்கள் மலைப்பக்கத்து லயங்களில் தண்ணீர் பீலியில் வரும், ஊற்றிலிருந்து குழாய் பிடித்து ஊற்ற விடுவதைத்தான் பீலி என்போம். அந்தச் சரிவில் யார் கிணறு வெட்டுவார்கள்?

எல்லாப் பெண்களும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர் போதும், சுத்தம்தான் போதாது, வடிகட்டி கொடுத்தால் நல்லது.

என்னோடு அந்தப் பாடத்தைக் கற்பித்த இளம் விரிவுரையாளர் ஷாமினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "கம்ப்யூட்டர் ஒண்ணும் பிழை காட்டலயே மெடம்" என்றாள்.

"கம்ப்யூட்டர் மடுல்சீமைக்குப் போயிருக்கா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

யோகராஜை அறைக்கு வரச் சொன்னேன். கதவருகே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேல் லயத்துக்குப் போனீங்களா?"

"போனேன் மெடம்." உடனே போனை எடுத்துப் படங்களைக் காட்டினான். உண்மைதான். லயத்து வாசலில் பெண்கள், அவர்கள் நடுவில் இவன், கையில் தேத்தண்ணீர்க் கோப்பை.

"அப்ப சொல்லுங்க, கிணறு எங்க இருக்கு?"

அவன் போனைப் பைக்குள் போட்டான். கழுத்தில் வேர்வை இறங்கியது. பதுளையில் அன்று மழைக் குளிர். திரும்பவும் கேட்டேன். "பிழைதான் மெடம், மார்க்கக் கொறச்சிக்கங்க" என்றான்.

"போய் நேர்ல பாத்துட்டு வரட்டுமா?"

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியதே, அதை நான் மறக்கவில்லை. "வேணாம் மெடம். தயவுசெஞ்சி அங்க போகாதீங்க. என்னய வேண்ணா சஸ்பெண்ட் பண்ணுங்க."

சோம்பேறிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் அவர்கள் பேரம் பேசுவார்கள், அழுவார்கள், பாட்டியின் சாவைச் சொல்வார்கள். தண்டனையைத் தானே கேட்டு வாங்குகிறவன் எதையோ மூடிக்கொண்டு நிற்கிறான்.

துறைத்தலைவரிடம் சொன்னேன். அவருக்குப் பொறுமை இல்லை. "இட்டுக்கட்டிய தரவு. தெளிவான வழக்கு. விசாரணைக் குழுவுக்கு அனுப்புங்கள், ஒரு வருடம் இடைநிறுத்தம்" என்றார். விதிப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. தொண்டு நிறுவனத்தின் கூட்டமோ அடுத்த வாரம். அறிக்கைகள் ஏற்கெனவே அவர்கள் கையில். யோகராஜைத் தண்டித்தாலும் தண்டிக்காவிட்டாலும் மேல் லயத்துக்கு வடிகட்டி போய்ச் சேரும்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒருவர் இருந்தார். அவர் அடிக்கடி சொல்வார்: "சந்தேகம் வந்தால் அதே தாளைத் திரும்பத் திரும்பப் படிக்காதே, எழும்பிப் போய்ப் பார்." அவர் பேச்சைக் கேட்டு நான் பல இடங்களுக்கு வீணாகப் போய் வந்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாமினியைக் கூட்டிக்கொண்டு பசறை வழியாக மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்குள் சண்டை. போய் விசாரித்தால் அந்தப் பெண்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? அவன் அத்தனை பயந்தது எதற்காக? திரும்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் நினைத்தேன். பசறையில் இறங்கக்கூட எழுந்தேன். ஷாமினி ஒன்றும் கேட்காமல் என் பையைப் பிடித்துக்கொண்டாள். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி முச்சக்கரவண்டி ஏறும் தூரம்வரை அதில் போய், மீதியை நடந்தோம். மேல் லயத்துக்குக் கீழே ஒரு பீலி. நான்கைந்து பெண்கள் வாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் நூல் போல வந்துகொண்டிருந்தது. ஒரு வாளி நிறைவதற்குள் ஒரு ஊர்வம்பு பேசி முடிக்கலாம்.

அவர்களில் மூத்தவர் மாரியாயி. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்தூரு நீங்க? யாரு வீட்டுக்கு?"

பல்கலைக்கழகம் என்றேன்.

"யோகராசு தம்பியோட டீச்சரம்மாவா? அட, வாங்க வாங்க. அந்தத் தம்பி வந்து எல்லாத்தயும் போன்ல புடிச்சிட்டுப் போச்சே. என்னாச்சு?"

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். விஷயம் இதுதான். மேலே இருக்கும் பழைய துரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார்கள். நீச்சல் குளமும் கட்டியாகிவிட்டது. அதற்காக ஊற்றுத் தண்ணீரின் பெரிய குழாயை அங்கே திருப்பிவிட்டு, மிச்சத்தை லயத்துக்கு விட்டிருந்தார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் இருட்டும்வரை பீலியில் காத்திருக்க வேண்டியிருந்தது.

"இதச் சொல்லலாமா வேணாமான்னு நாங்க எல்லாரும் உக்காந்து யோசிச்சோம்ங்க" என்றார் மாரியாயி. "பங்களாவுல எங்க புள்ளைகளும் வேல செய்யுதுங்க. அப்புறம், படிக்கிற தம்பிதானே, சொல்லுவோம்னு சொன்னோம். நாங்க சொன்னதப் போட்டீங்களா டீச்சரம்மா?"

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கணம் வந்திருக்கிறதா? உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை தன் ஊரிலேயே தலை காட்ட முடியாது. பொய் சொன்னால், பொய்க்காக அவனைத் தண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குள் கீழ் லயத்திலிருந்து படியேறி யோகராஜ் வந்துவிட்டான். ஞாயிறு என்று வீட்டுக்கு வந்திருந்தவனிடம் நாங்கள் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூச்சு வாங்கியது. அவனுக்குப் பின்னால் விடுதிச் சீருடையோடு ஒரு பெண். அக்கா சுகந்தி. பங்களாவில் காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தவர்.

"தோ, தம்பியே வந்துருச்சு. ஏம்பா, போட்டியா?" என்றார் மாரியாயி.

அவன் என்னைப் பார்த்தான். ஷாமினி, "அது இன்னும் திருத்திக்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். அவள் நிறுத்திக்கொண்டாள். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் சொல்ல அவனுக்கு வழி திறந்தே இருந்தது. நான் அதை மூடவும் இல்லை, திறந்துவிடவும் இல்லை.

"போடல பெரியம்மா" என்றான் யோகராஜ்.

"ஏன்?"

"ஏஐகிட்ட கேட்டேன். தோட்டத்துப் பொம்பளைங்க தண்ணியப் பத்திப் பேசுற மாதிரி எழுதித் தான்னு. அது எழுதிக் குடுத்துச்சு. அதத்தான் போட்டேன்."

பெண்களுக்குப் புரியவில்லை. "யாரு எழுதிக் குடுத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். யோகராஜ் போனைக் காட்டினான். பக்கத்தில் நின்ற இளம் பெண் ஒருத்தி மெதுவாக விளக்கினாள். விளங்கியதும் மாரியாயி வாளியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க பேர்ல அது பேசிச்சா?"

"பேரு போடல பெரியம்மா..."

"பேரப் பத்தி யாருடா கேட்டா? நாங்க சொன்னது எங்க?"

"அழிச்சிட்டேன்."

ஒருத்தி வாளியைப் பீலியடியிலிருந்து இழுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னதப் போட்டா அக்காவுக்கு வேல போயிடும்" என்றான். "போடாட்டி எனக்கு பாஸ் இல்ல. இப்பிடி எழுதினா யாருக்கும் நட்டம் வராதுன்னு நெனச்சேன்."

"வடிகட்டி வரப்போகுது யோகராஜ்" என்றேன். சத்தம் போடக்கூடாது என்று எவ்வளவோ முயன்றேன். "அடுத்த வாரம் அவங்க கூட்டம். தண்ணியே வராத லயத்துக்கு ஆளுக்கொரு வடிகட்டி. தண்ணி போதும்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க."

அது அவனுக்கு அந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒப்படை என்றால் ஆசிரியர் மேசையில் ஆரம்பித்து ஆசிரியர் மேசையில் முடிவது என்று நினைத்திருந்தான். அப்படி நினைக்கும்படிதானே பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

சுகந்தி தம்பியின் முன்னால் வந்து நின்றார். "எனக்காகவா செஞ்ச?"

அவன் தலையாட்டினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அவர் அவனைத் தேற்றவில்லை. "எனக்கு என்ன போகணும் என்ன இருக்கணும்னு நீயும் உன் போனும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் வாளி ஒன்றை எடுத்துப் பீலிக்குக் கீழே வைத்தார்.

அடுத்த நாள் துறைக் கூட்டம். துறைத்தலைவர் இடைநிறுத்தம் என்பதிலேயே நின்றார். இன்னொருவர், குடும்பத்துக்காகச் செய்தவன், பாவம், எச்சரித்து விட்டுவிடுவோம் என்றார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் நான் உட்காரக்கூட இல்லை, ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே பேசியதாகப் பின்னால் ஷாமினி சொன்னாள். நான் சொன்னது இவ்வளவுதான். பயப்பட்டது குற்றம் இல்லை. பயத்தை எங்களிடம் சொல்லியிருக்கலாம். ஊர் பெயரை மறைத்திருக்கலாம், தலைப்பை மாற்றிக்கொண்டிருக்கலாம், அந்தப் பெண்களிடமே திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். உயிருள்ள மனிதர்கள் யோசித்து யோசித்துச் சொன்னதை அழித்துவிட்டு, அவர்கள் வாயில் வேறு பேச்சை வைத்தது குற்றம். ஏஐயைத் தொட்டதற்காக அவனைத் தண்டித்தால், நாளைக்குக் கையாலேயே இட்டுக்கட்டுகிறவன் தப்பித்துக்கொள்வான்.

கடைசியில் அந்த ஒப்படைக்குப் பூச்சியம் என்று முடிவானது. அடுத்த வருடம் திரும்பவும் செய்ய வேண்டும். திரும்பச் செய்கிறவர்களுக்கு உயர்ந்த புள்ளி போட விதி இல்லை, ஆகவே அவனுக்கு வரவேண்டிய முதல் வகுப்பு போயிற்று. எனக்கு அது வலித்தது. கையெழுத்திட்டேன்.

தொண்டு நிறுவனத்துக்கு நானே போய் அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். அங்கிருந்த அதிகாரிக்குக் கோபம். "உங்க பல்கலைக்கழகத்து அறிக்கைய இனி எப்பிடி மெடம் நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு மாதம் அவகாசம் மட்டும் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அந்த மாதமே, புள்ளிக்காக அல்லாமல் நிறுவனத்துக்குக் கொடுக்கும் அறிக்கைக்காக, யோகராஜும் ஷாமினியும் திரும்ப மேல் லயத்துக்குப் போனார்கள். முதல் தடவை மாரியாயி பேசவே மறுத்துவிட்டார். "ஒரு தடவ சொல்றதுக்கே அவ்வளவு யோசிச்சோம். இன்னொருக்கா சொல்லணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டாராம். இரண்டாம் தடவைதான் பெண்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். யார் எதைச் சொன்னது என்று பிரித்துப் போடக் கூடாது, மேல் லயத்துப் பெண்கள் சொன்னது என்று ஒரே குரலாக எழுத வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். எழுதியதை ஷாமினி அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட நிபந்தனை. சுகந்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் சம்மதித்த பிறகுதான் பங்களா என்ற சொல் அறிக்கைக்குள் வந்தது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. நிறுவனம் வடிகட்டிக்குப் பதிலாகத் தண்ணீர் சேர்த்துவைக்க ஒரு தாங்கி கட்டிக் கொடுத்தது. தோட்ட நிர்வாகத்தோடு பேசி, பெரிய குழாயை ஒருநாள் விட்டு ஒருநாள் லயத்துப் பக்கம் திருப்ப ஏற்பாடானது. நூலாக வந்த தண்ணீர் இப்போது விரல் தடிப்பில் வருகிறதாம். ஆனால் கொஞ்ச நாளில் விடுதிக்காரர்கள் சுகந்தியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் குறைக்கிறோம் என்று மட்டும் காரணம் சொன்னார்கள். யோகராஜ் பயந்தது அப்படியே நடந்தது. அந்தச் செய்தி வந்த அன்று என்னால் வகுப்பெடுக்க முடியவில்லை. பாதியில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பசறையில் இறங்கித் திரும்பியிருந்தால்?

ஆகவே தம்பி தங்கைகளே, நான் செய்ததை அப்படியே செய்யுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். இயந்திரம் எழுதியதா, மனிதன் எழுதியதா என்று மட்டும் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடாதீர்கள் என்பேன். அதற்குள் யாருடைய பேச்சு காணாமல் போயிருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்தேன். துணியை விரித்துக் காட்டியவர் சுகந்தி. என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். யோகராஜ் பட்டம் முடித்துவிட்டு ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறான் என்றார். பங்களாவில் கிடைத்ததைவிட இங்கே சம்பளம் குறைவு, தினம் பஸ் பயணம் வேறு என்றும் சொன்னார். மறைக்கவில்லை.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "தம்பி மேல கோவமா?"

"மொதல்ல எழுதினதுக்கு இன்னும் கோவந்தான் மெடம். ரெண்டாவது எழுதினதுக்கு இல்ல."

"ரெண்டாவது எழுதினதாலதானேம்மா உங்க வேல போச்சு?"

அவர் விரித்த புடவையை மடித்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டார்.

"போச்சுதான். ஆனா அது நான் சரின்னு சொல்லிப் போன வேல மெடம். மொத தடவ எங்கள யாருமே கேக்கல."